சம்பந்தியும் நாலு நகர்த்தலும்

செஸ் சொல்லிக்கொடுப்பவன் பாடு இதுதான்: ஜெயித்தால் மாணவர் புத்திசாலி, தோற்றால் மாஸ்டர் சரியில்லை. டியூஷன் எடுத்துப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்! எனக்கு வாய்த்தது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாப்பாட்டுக்கூடம். மதிய இடைவேளையில் வகுப்பு.

வரிசை கலையாமல்

தையல் வரிசையில் யார் வேலையும் முந்தாமல் பிந்தாமல் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் சுப்பிரமணி, ஓரத்திலிருந்து சிப்பாய்களை ஒவ்வொன்றாக, ஒரே ஒரு கட்டம் தள்ளிக்கொண்டே வருவார். எதிராளி பிஷப்பையும் ராணியையும் கொண்டுவந்து குறி வைத்தாலும் அசரமாட்டார். மூன்றாவது சிப்பாயைத் தள்ளியதும் இவருக்கு செக்மேட் ஆகிவிடும். குதிரையை வெளியே எடுங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன்.

"ஒருத்தன் மட்டும் முன்னால போனா லைன் பேலன்ஸ் கெட்டுப்போயிருமுங்க சார்."

செக்கிங் அக்கா

தைத்த பனியனில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் பிரிவு ஜெபமணி அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நன்றாக ஆடுவார். ஆனால் எதிராளி தப்பான கட்டத்தில் காயை வைக்கப் போனால், "அங்க வைக்காதிய, ராணி போயிரும்" என்று கையைப் பிடித்துவிடுவார். எதிராளி திருத்திக்கொண்டு இவரையே ஜெயிப்பார். பேசாமல் இருங்கள் அக்கா என்று கெஞ்சினேன்.

"தப்பைப் பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்லுதீயளே சார், எனக்குச் சம்பளமே அதுக்குத்தானே?"

முதலாளியின் நிபந்தனை

வகுப்பு தொடங்கியதற்குக் காரணமே முதலாளிதான். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு நடந்த விருந்தில், சம்பந்தி அவரை நாலே நகர்த்தலில் செக்மேட் செய்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுச் சனம் மொத்தமும் சிரித்ததாம். அந்த நாலு நகர்த்தலைத் தடுக்கும் வித்தையைத் திரும்பத் திரும்ப அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அந்த மதிய வகுப்பு எனக்கு அதற்குள் ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

"ஞாயித்துக்கெழம சம்பந்தி நம்ம ஊட்டுக்கு வர்றாங்க, அன்னைக்கும் தோத்தேன்னா கிளாஸ நிறுத்திப்போடலாமுங்க சார்."

ராயபுரத்து ஞாயிறு

திருப்பூர் ராயபுரத்தில் முதலாளி வீடு; என்னையும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியிருந்தார். விருந்தாளிக்குத்தான் முதல் நகர்த்தல் என்று வெள்ளைக்காயைச் சம்பந்திக்கே கொடுத்தார். சம்பந்தி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, சாயப்பட்டறைக்காரரைத் திட்டியபடியே, ராஜா பக்கத்து பிஷப்புக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். முதலாளி தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தி ராணிக்கு வழிவிட்டார். சம்பந்தி அடுத்து, அதே பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராணியை ஓரத்துக்குக் கொண்டுபோனால் போதும், ஆட்டம் முடிந்தது!

முதலாளியும் பார்த்துவிட்டார். கை ராணி வரை போய்த் திரும்பி வந்தது. "பொண்ணக் குடுத்த எடமுங்க சார், நாலு பேரு முன்னால எப்படிங்க?" என்று என் காதில் கிசுகிசுத்தார். வேறு காயைத் தொட்டால் பழையபடி தோற்பார், என் வகுப்பும் போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பலகாரத் தட்டோடு வந்த சம்பந்தியம்மா, அந்தரத்தில் நின்ற கையையும் முதலாளி முழிப்பதையும் பார்த்தார். அந்த அம்மா சொன்ன பிறகுதான் ராணி நகர்ந்தது.

"தைரியமா வைங்கண்ணா, ஊட்டுல இவரு அடிக்கிற பெருமை தாங்கமுடியலீங்க!"

வகுப்பு இன்றும் நடக்கிறது, ஆனால் செக்மேட் வைக்கத்தான் என்னால் சொல்லிக்கொடுக்க முடியும், துணிச்சல் வேண்டுமென்றால் சம்பந்தியம்மாவைத்தான் வரவழைக்கவேண்டும்.