எட்டு மணிக்குத் திணறும் பக்கம்

செய்தி வந்தபோது மணி ஏழு நாற்பது. திங்கட்கிழமை. பத்து நாள் விடுப்பு முடிந்து அவள் அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் அண்ணியின் எண். எதிர் மேசைக்காரரைப் பதினொரு வருடமாக அண்ணா என்று கூப்பிட்டு வந்ததில் அவர் மனைவி தானாகவே அண்ணியாகியிருந்தார்.

"உங்க அண்ணா எந்திரிக்கலம்மா," என்றார் அண்ணி. "டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நீ மத்தியானமா வா. இப்ப வீடு பூரா ஆளுங்க."

மத்தியானம் வரை என்ன செய்வதென்று தெரியாமல் மேலே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் அண்ணாவுக்கு ஆமை என்று பெயர். ஒரு மருத்துவமனையின் இணையதளத்துக்குப் பின்னால் நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேகமாக ஓடவைக்கச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு அப்படிப் பெயர் வைத்ததில் எல்லோருக்கும் குஷி. அவருக்கும்தான். "ஓடு கனம்ப்பா, மெதுவாத்தான் வரும்," என்பார்.

பக்கம் திணறுகிறது என்று புகார் வந்தால் அவர் கணினியைத் தொடமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவார். டயாலிசிஸ் பிரிவின் பதிவுக் கவுன்ட்டரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அங்கிருக்கும் அக்கா எதைத் தட்டுகிறார், எங்கே கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கிறார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதை நோட்டில் எழுதி, அதற்குக் கீழே அதை எப்படிப் பழையபடி ஆக்குவது என்றும் எழுதுவார். இரண்டாவது வரி எழுத வரவில்லையென்றால் முதல் வரியைச் செய்யமாட்டார்.

மூன்று வாரமாக அந்தப் பதிவுக் கவுன்ட்டர்களில்தான் கோளாறு. காலை எட்டு மணிக்குப் பதினோரு கவுன்ட்டர்களும் ஒன்றாகத் திறக்கும். நோயாளியின் தொலைபேசி எண்ணைப் போட்டால் விவரம் வர நாற்பது வினாடி. ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையோடு நடைபாதையில் ஆட்கள் நிற்பார்கள்.

"இன்னும் வாட்சைத்தான் பாத்துட்டிருக்கீங்களா?" என்று மேனேஜர் போகும்போதும் வரும்போதும் குத்துவார். "பெரிய கம்ப்யூட்டர் மெஷினா வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுது."

"குழாய் அடைச்சிருக்கு சார். நீங்க தொட்டியை மாத்தச் சொல்றீங்க," என்பார் அண்ணா.

மேனேஜர் அடுத்த வாரச் சனிக்கிழமை வரை கெடு கொடுத்தார். அவள் விடுப்பில் போனபோது நிலைமை அதுதான்.

இப்போது ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. எதிர் மேசையைப் பார்க்காமல், அவளைப் பார்த்துப் பேசினார்.

"நல்ல மனுஷன். ஆனா கடைசி வரைக்கும் காரணம் என்னன்னு பிடிபடலையே அவருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினேன். திங்கட்கிழமை சொல்றேன்னு மழுப்பிட்டாரு. பத்தரைக்கு மேலதிகாரிங்க வர்றாங்க. அவரால முடியலன்னு சொல்லிட்டு மெஷினுக்குக் கையெழுத்து வாங்கிடறேன்."

அண்ணா மழுப்பி அவள் பார்த்ததே இல்லை. மேனேஜர் நகர்ந்ததும் எதிர் மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள்.

சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு நிரல் வரியை அப்படியே நகலெடுத்து எழுதியிருந்தார். படித்ததும் அவளுக்குக் காது சுட்டது. அவள் எழுதிய வரி. கவுன்ட்டர்காரர்கள் எண்களை ஒருவர் இடைவெளி விட்டும், ஒருவர் கோடு போட்டும் பதிவார்கள். தேடும்போது அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிடும்படி இரண்டு வருடம் முன்பு செய்திருந்தாள். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்ட வேலை. சோதித்துப் பார்க்க அப்போது அவள் கணினியில் இருந்தது இருநூறு பேர் பட்டியல். கண் சிமிட்டுவதற்குள் வந்தது. போன மாதம் இன்னொரு கிளையின் நோயாளிகளையும் சேர்த்ததில் பட்டியல் நாலு லட்சமாகிவிட்டது. வரிசைப்படி அடுக்கிய அகராதி கையிலிருந்தும் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டாமல், ஒவ்வொரு தேடலுக்கும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொரு எண்ணையும் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது டேட்டாபேஸ். பதினோரு கவுன்ட்டருக்கும் ஒரே சமயத்தில்.

கீழே திருத்தம் முழுவதும் இருந்தது. சுத்தம் செய்த எண்ணைத் தனியாகச் சேமிப்பது, அதை வைத்தே தேடுவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. ஓரத்தில் பென்சிலில்: "எழுதினவ லீவுல. முதல்ல அவகிட்ட. அப்புறம் சார்."

பத்தரைக்குக் கூட்ட அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"காரணம் தெரியும் சார். என் வரிதான். அண்ணா சனிக்கிழமையே கண்டுபிடிச்சிட்டாரு. இதோ இருக்கு."

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். "அப்புறம் ஏம்மா அவர் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, நான் வர்றதுக்குள்ள என் பேரு மாடிக்கு மாடி போயிருக்கும் சார்."

மேனேஜர் மெஷின் காகிதத்தைக் கோப்புக்குள் தள்ளினார்.

கூட்டம் குறையும் பதினொன்றரை வரை காத்திருந்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொரு அடியாகச் செய்தாள். பிறகு கவுன்ட்டருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஒரு நம்பர் போட்டுப் பாருங்க."

"போட்டாச்சு."

"எவ்வளவு நேரமாச்சு?"

"எங்க ஆச்சு? கையெடுக்கறதுக்குள்ள வந்து நிக்குது! எங்கடி உங்க ஆமை? காலையிலேருந்து ஆளைக் காணோம். வரச் சொல்லு, டீ என் செலவு."

அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் அந்த வீட்டு வாசலில் உறவினர் ஒருவர், "மாப்பிள்ளை என்ன வேலைதான் பாத்தாரு? கேட்டா சிரிப்பாரு," என்று பொதுவாகக் கேட்டார். பதில் சொன்னவர் மேனேஜர். அவருக்கு விளக்கத் தெரியவில்லை. "மூணு வாரமா எங்களுக்கெல்லாம் பிடிபடாததை அவர்தான் கண்டுபிடிச்சாரு," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணா சனிக்கிழமை எண்களைச் சுத்தம் செய்து பார்த்ததில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஓர் இலக்கம் குறைவது தெரியவந்திருந்தது. அவர்களின் பழைய பதிவுத் தாளைப் பார்த்துத்தான் திருத்த முடியும். அந்தப் பட்டியல் நோட்டின் நடுவில் மடித்து வைத்திருந்தது. அறுபத்தொன்று வரை திருத்தியிருக்கிறார். அறுபத்திரண்டாவதில் பத்துக்கு ஐந்து இலக்கம் மட்டும் எழுதியிருக்கிறது.