கழிவு போடாத நாள்

நெல்லியாளத்துப் பக்கம் இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பெண்களிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் என் தாய்மாமன்தான். கொழுந்து நிறுப்பது அவர் வேலை. நிறுக்கும் கொட்டகையை எங்கள் ஆட்கள் மடுவம் என்பார்கள். அங்கே தராசுக் கொக்கியில் கொழுந்துச் சாக்கை மாட்டியதும் மெஷினில் எண் ஓடி நிற்கும். மாமா அந்த எண்ணைச் சொல்ல மாட்டார். சாக்குக்கும் ஈரத்துக்குமாக அரைக் கிலோவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் சொல்வார். அதற்குக் கழிவு என்று பெயர். உடன்பிறந்த தங்கைக்கும் சலுகை கிடையாது. "அண்ணன்னு பேருதான், எனக்கே கழிக்கிறாரு" என்று அம்மா லயத்து வீட்டுக்கு வந்து பொருமுவாள்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. கணக்கு டீச்சர் சதவீதப் பிழை நடத்திக்கொண்டிருந்தார். அளந்ததில் எவ்வளவு தவறோ அதை உண்மையான அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஆளுக்கோர் உதாரணம் கேட்டார். நான் மாமாவையே கொண்டுபோனேன். இருபத்தைந்து கிலோ கொழுந்தில் அரைக் கிலோ, ஆக இரண்டு சதவீதம். வகுப்பே சிரித்தது. வீட்டில் போய், "மாமா ரெண்டு பர்சென்ட்டுதாம்மா திருடுறாரு" என்றேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வயிற்றில் இருந்த தம்பி நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அவன் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நர்ஸம்மாவே லயத்துக்கு வந்து நிறுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அப்பா திருப்பூரில் வேலையில் இருந்தார். தம்பியோ பால் குடிக்கும்போதே தூங்கிப்போனான், அழக்கூட மாட்டான். நர்ஸம்மா போனில், "எப்படியாவது வெயிட் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு கிலோவுக்குக் கீழ இருந்தா நடந்தாவது தூக்கிட்டு வந்துருங்க" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த தராசு ஒன்றுதான். அம்மா மலைக்குப் போர்த்திப் போகும் கம்பளியில் தம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டாள், நான் குடை பிடித்தேன். மடுவம் போய்ச் சேர்வதற்குள் கம்பளியின் வெளிப்புறம் நனைந்துவிட்டது. மாமா அதன் முனைகளைச் சேர்த்து முடிந்து, தூளி மாதிரி கொக்கியில் மாட்டி, கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். சாக்கும் கையுமாக நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எண் ஓடி நின்றது.

"பாருங்கடி, எங்கண்ணன் இதுக்கும் கழிவு போடப்போறாரு" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எம் மருமவனுக்கு எவன் கழிவு போடுவான்? மெஷினு சொல்றதுதான் கணக்கு. ரெண்டு கிலோ எரநூறு!"

பெண்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு மாமாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அம்மா அங்கிருந்தே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். "நல்லதுங்க. அப்ப இந்த மழைல புள்ளயத் தூக்கிட்டு அலைய வேண்டாம். அடிக்கடி எழுப்பிப் பால் குடுங்க" என்று அவரும் நிம்மதியாகச் சொன்னார்.

அந்த வாரம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான். காலையில் அம்மா தூக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அப்பா வருவதற்குள் அடக்கம் செய்துவிட்டோம். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. மாமாதான் தகர டப்பாவால் அதை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். டப்பா மண்ணில் உரசிய சத்தத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும், "எடையெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மடுவத்தில் மாமா தனியாக நிற்பதைப் பார்த்தேன். கொக்கியில் அம்மாவின் கம்பளி ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கம்பளியை யாராவது நிறுப்பார்களா? துக்கத்தில் மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துபோனேன். மெஷினில் அரைக் கிலோ என்று காட்டியது.

"பாப்பா, அன்னிக்கி நான் இதக் கழிச்சேனா?" என்று கேட்டார்.

செத்துப்போன பிள்ளையிடமும் கழிவு பிடித்துவிட்டோமோ என்றுதான் தவிக்கிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கிட்டப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல மாமா. தம்பிக்கு நீங்க ஒண்ணுமே கழிக்கல."

மாமா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நல்ல வார்த்தைதானே சொன்னோம், இதற்குப் போய் ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அரைக் கிலோவை இருபத்தைந்தால் வகுக்க மட்டும்தான் எனக்கு அப்போது தெரிந்திருந்தது.