விடிவெள்ளியை மறுதலிக்கச் சொன்ன ஞாயிறு

2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். அக்கா மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பத்தில் எழுத முடியாது. 'குடும்ப விஷயம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெங்களூர் கண்டோன்மென்ட் வரை ஏறக்குறைய இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். ஜோலார்பேட்டை வரை வெயில். குப்பம் தாண்டியதும் மேகம் கூடியது. பங்காருப்பேட்டையில் தூறல் தொடங்கி, ஊர் போய்ச் சேரும்வரை விடவேயில்லை. பகல் ஒரு மணிக்கு மேல் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார். நான் விழித்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஜோகுபாளையாவா? குந்துமா. மழை, மீட்டர் மேல அஞ்சு ரூபா குடுத்துடு."

மீட்டரும் அந்த ஐந்தும் சேர்ந்து நாற்பது ரூபாய் ஆனது. அல்சூர் ஏரி சாம்பல் நிறமாகக் கிடந்தது. பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து பிரிந்து குறுகிக்கொண்டே போன தெருக்களில், மாடி மேல் மாடி ஏற்றிய சின்ன வீடுகள். என் அக்கா மேரி அவற்றில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். கான்வென்ட் பள்ளி ஒன்றில் ஆயா வேலை. கணவர் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் ரெஜினா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள்.

ஈரத் துண்டைக் கொடுத்துவிட்டு அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னால கோயில்ல கேள்வி கேப்பாங்கல்ல லில்லி, அங்க ஃபாதர்கிட்ட இவ சொல்லிட்டா. நான் விசுவாசி இல்ல, நான் லூசிஃபர் வழின்னு. மாப்ள பையனும் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். அன்னிக்கே எல்லாம் முறிஞ்சுபோச்சு."

"ஃபாதர் என்ன சொன்னார்?"

"பொறுமையா இருங்க, திட்டாதீங்கன்னார். அவருக்கென்ன. இந்தத் தெருவுல நான்ல நடக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "ஒக்கலிபுரத்துல ஒரு ஜெபக்கூடம் இருக்கு. ஞாயித்துக்கெழம கூட்டியாரச் சொல்லியிருக்காங்க. எனக்கு உடம்பு முடியலேன்னு சொல்லி நீ அவள இட்டுனு வந்துடு. நான் கூப்ட்டா வரமாட்டா."

பொய் சொல்லி அழைத்துவர மாட்டேன், உள்ளதைச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். அக்கா அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை. லூசிஃபர் என்றால் சாத்தான் என்றுதான் எனக்குத் தெரியும்; இரவு கண்ணை மூடியபோதெல்லாம் படங்களில் பார்த்த கொம்பும் வாலும்தான் வந்தன. பயமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்பட்டேன். இரண்டு பேருந்து மாற வேண்டும். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. சில்க் போர்டு சந்திப்பில் மட்டும் அரை மணி நேரம் வண்டி நகரவில்லை. இரவு வேலை முடிந்து திரும்பும் கம்பெனி கார்களில் பிள்ளைகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் கண்ணாடிக் கட்டடங்கள், நடுநடுவே செம்மண் குழிகள், குழிகளில் மழைத் தண்ணீர்.

விடுதி வாசலுக்கே ரெஜினா வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். மற்றபடி அதே பெண். கழுத்தில் எப்போதும் கிடக்கும் சிலுவைச் சங்கிலி மட்டும் இல்லை.

"வாங்க சித்தி. அம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா. நாளைக்கு ஒக்கலிபுரத்துல உனக்கு ஜெபம் பண்ண ஏற்பாடு பண்ணியிருக்கா. உடம்பு முடியலேன்னு சொல்லச் சொன்னா. நான் சொல்லல."

"சாப்ட்டுட்டுப் பேசலாம்" என்று பக்கத்து மெஸ்ஸுக்கு அழைத்துப் போனாள். இருபது ரூபாய்ச் சாப்பாடு. சாம்பார் இனித்தது.

சனிக்கிழமைகளில் பக்கத்துத் தெருவில் தோழி ஷீபாவின் வாடகை அறையில் மூன்று பேர் கூடுவார்களாம். என்னையும் வரச் சொன்னாள். கறுப்புத் துணி, எலும்பு என்று எதையெதையோ எதிர்பார்த்துப் படியேறினேன். ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலோரம் ஒரு மெழுகுவர்த்தி. ஷீபா மலையாளி, கணக்குப் பிரிவில் வேலை. இன்னொருவர் நவீன், தும்கூர்க்காரர். எனக்காகத் தமிழில் பேச முயன்றார்.

"ஆன்ட்டி, சாத்தான் கும்பிடுறவங்க வேற. நாங்க அது இல்ல. லூசிஃபர்னா லத்தீன்ல வெளிச்சம் தர்றவன். விடிகாலை நட்சத்திரத்தோட பேரு."

ஆனால் அந்த மூவரும் ஒரே வழி இல்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது. நவீனுக்கு லூசிஃபர் உண்மையிலேயே இருக்கிற ஒருவர், வானத்து ஒளி. தினமும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார். பலி, ரத்தம் எதுவும் கிடையாது. ஷீபா அதைக் கேட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பிடித்திருப்பது ஞானத்தையே மீட்பு என்று நம்பிய பழங்காலக் குழுக்கள். ஏதேன் தோட்டத்துப் பாம்பு மனிதரைக் கெடுக்கவில்லை, கண்ணைத் திறந்து விட்டது என்று அவர்களில் சிலர் எழுதி வைத்திருக்கிறார்களாம். ரெஜினாவோ இரண்டையும் ஏற்கவில்லை.

"எனக்கு அது ஆள் இல்ல சித்தி. அடையாளம். தலகுனியாம கேள்வி கேக்கறதுக்கு ஒரு பேரு. அவ்ளோதான்."

பாபிலோன் அரசனைப் பழித்த ஒரு வேத வசனத்தில் வந்த விடிவெள்ளிதான் பின்னாளில் பிசாசின் பெயராகிப் போனது என்று ஷீபா சொன்னாள். அந்தப் பெயரில் ஆதிச்சபையில் ஓர் ஆயரே இருந்திருக்கிறாராம். ஐரோப்பாவில் பிற்காலத்தில் 'லூசிஃபரியர்' என்று குற்றம் சாட்டி ஆட்களைப் பிடித்து எரித்தார்கள். அவர்கள் அப்படி எதையாவது வணங்கினார்களா என்பதற்கே சரியான சாட்சியம் இல்லை என்றாள். வேதத்தின் கடைசிப் பக்கத்தில் இயேசு தம்மையே விடிவெள்ளி என்கிறாரே என்று நான் கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதைப் பற்றியே ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். என் பயம் எப்போது போனதென்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "இதுல எப்படிம்மா போய்ச் சேந்தே?"

மழை லேசாகப் பெய்தது. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பாவுக்கு டிபி-ன்னு உங்களுக்குத் தெரியும். மாத்திர ஒழுங்கா சாப்ட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரு. அம்மா அவர ஒக்கலிபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாத்திர போட்டா விசுவாசம் இல்லேன்னு அர்த்தம்னு அங்க சொன்னாங்க. அப்பா நிறுத்திட்டாரு."

இது எனக்குத் தெரியாது. நோய் முற்றிப் போய்விட்டது என்றுதான் அக்கா அப்போது சொல்லியிருந்தாள்.

"அடக்கம் முடிஞ்சதும் நான் போய் ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். இப்படிக் கேக்கறது லூசிஃபரோட குணம்னாங்க. அப்ப நான் அவன் பக்கமே இருந்துக்கறேன்னு தோணிச்சு. அப்புறந்தான் அது என்னன்னு படிக்க ஆரம்பிச்சேன்."

"நாளைக்கு அதே எடத்துக்கு நீ வரவேணாம்."

"வரேன் சித்தி. நான் வரலேன்னா, வந்திருந்தா சரியாயிருக்கும்னே அம்மா கடைசி வரைக்கும் நெனச்சுட்டு இருப்பாங்க."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான், ரெஜினா, அக்கா மூவரும் ஒக்கலிபுரத்தில் இறங்கினோம். நகர ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வட்டாரம் அது. தண்டவாளங்களுக்கும் சுவர்களுக்கும் நடுவே வீடுகள். தகரக் கூரை போட்ட நீளமான கூடம். நூறு பேர் இருக்கலாம். பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள், சோர்ந்த முகங்கள். 'பிரதர்' என்று எல்லோரும் அழைத்த ஊழியக்காரர் ரெஜினாவை நடுவில் நிறுத்தினார். தலையில் எண்ணெய் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, வெளியே போ, வெளியே போ என்று கத்தினார். சுற்றிலும் அழுகையும் கைதட்டலும். ரெஜினா கண்ணை மூடவில்லை. நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்து சுடிதாரில் சொட்டியது. ரயில் போகும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது.

வெகு நேரத்துக்குப் பிறகு அவர் களைத்துப்போய், சாதாரணக் குரலில் சொன்னார். "லூசிஃபரை மறுதலிக்கிறேன்னு மட்டும் சொல்லும்மா. போதும்."

ரெஜினா சொல்லவில்லை. அக்கா ஓடி வந்து அவள் முன் முழங்காலிட்டாள்.

"வெறும் வாய் வார்த்ததானேடி. சொல்லிடு கண்ணு. வீட்டுக்குப் போயிடலாம்."

"வெறும் வார்த்தன்னா எதுக்கும்மா சொல்லணும்?" என்றாள் ரெஜினா. குரல் உயரவில்லை. "எனக்கும் ஒரு வார்த்த வேணும். அப்பாவ மாத்திரய நிறுத்தச் சொன்னது தப்புன்னு இவரு சொல்லட்டும். நான் உடனே சொல்லிடறேன்."

கூடம் மெல்ல அடங்கியது. பிரதர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். "பாத்தீங்களா, இது உங்க மக பேசறதில்ல" என்றார் அவர். மறுபடியும் கைதட்டல் கிளம்பியது. எங்கிருந்தோ இரண்டு பேர் வந்து ரெஜினாவின் தோளைப் பிடித்து முழங்காலில் தள்ளப் பார்த்தார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அக்கா வரவுமில்லை.

ரோட்டோரக் குழாயில் ரெஜினா முகம் கழுவினாள். எண்ணெய் போகவில்லை. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அப்போதுதான் அழுதாள்.

"அம்மா அவர ஒரு தடவையாவது நிமிந்து பாத்திருக்கலாம் சித்தி."

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அக்கா மாலையில்தான் வீடு வந்தாள். வந்ததும் சுவரில் மாட்டியிருந்த, மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளில் எடுத்த புதுநன்மைப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "அவ செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்" என்றாள். மாத்திரை விஷயத்தைக் கேட்டேன்.

"அது தப்புன்னா அவர நாந்தான கொன்னேன், லில்லி? அத வெச்சுக்கினு நான் எப்படி உயிரோட இருக்கறது?"

கொம்பு வைத்த பிசாசைத் தேடி வந்தவள் நான். அந்த வீட்டில் நான் பார்த்த இருள் அந்த ஒரு கேள்விதான்.

திங்கட்கிழமை காலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு அக்காவும் வந்தாள். எங்கள் அரக்கோணத்தில் இப்படி ஒரு பெண் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தபடி நின்றேன். இதைத்தான் செய்திருப்போம், ஊர் சின்னது என்பதால் இன்னும் சத்தமாக. ஓடிவிடவும் அவளுக்கு அங்கே ஓர் எலெக்ட்ரானிக் சிட்டி இருந்திருக்காது.

வண்டி வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"செத்தவங்களுக்குன்னா பூசை வெக்கலாம். உயிரோட இருக்கறவள இழந்தா என்ன பூசை வெக்கறது?"

வண்டி நகரும்வரை என் வாயைப் பார்த்தபடியே நின்றாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ரெஜினா ஜோகுபாளையம் போகவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை.