அண்ணனிடம் நான் கேட்காத கேள்வி

ஜேர்மனியிலிருந்து வந்து லண்டனில் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிற என் அண்ணன், டொக்டர் எழுதிக்கொடுத்த பிரஷர் குளிசையைத் தொடமாட்டேன் என்று ஒன்றரை வருடம் பிடிவாதமாக இருந்தார். அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ பேசிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டார். அதன்பிறகு அவருடைய கைபேசியில் அதே மாதிரி வீடியோக்களே வந்துகொண்டிருந்தன. வெம்பிளியில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் சண்டை பிடித்தேன். டொக்டரும் சொல்லிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்தவர் தானாகவே குளிசையை எடுத்து விழுங்கினார். தன் மகள் கைபேசியில் போட்டுக்கொடுத்த ஏஐயோடு மூன்று நாள் தமிழில் பேசினாராம்.

"அது அப்பிடி என்ன சொன்னது, அண்ணை?"

"நீங்கள் எல்லாரும் சொன்னதைத்தான் சொன்னது. ஆனா முதல்ல, ஏன் பயப்பிடுறீங்கள் எண்டு கேட்டது. ஜேர்மனியில என்னோட அறையில இருந்தவன் சிறுநீரகம் பழுதாகிச் செத்ததைச் சொன்னன். அவர் பிரஷருக்கு மருந்து எடுத்தவரோ எண்டு கேட்டது. அவனுக்கும் பிரஷர் இருந்தது, ஆனா ஒருநாளும் மருந்து எடுக்கேல்லை எண்டது அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. மருந்து எடுக்காம விட்டாத்தான் பிரஷர் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் எண்டு அது சொன்னது."

அப்படியொரு நண்பர் இருந்ததே எனக்குத் தெரியாது. கைபேசியை வாங்கி, அண்ணனும் ஏஐயும் பேசியதை முழுக்க வாசித்தேன். அதன் பொறுமையைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. இதே பொறுமையோடு அது பிழையானதைச் சொல்லியிருந்தாலும் அண்ணன் நம்பியிருப்பார் என்று பயமாகவும் இருந்தது.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த நண்பர் எந்த ஊர் என்று கேட்டேன். பொழுதுபடும்வரை அண்ணன் அவரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.