வலது பக்கத்து நாற்காலி

பலா இலையைக் கிள்ளினால் காம்பில் பால் வரும். கழுத்தில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், சோப்பு போட்டாலும் லேசில் போகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிதில், ஒன்பது நாள் அந்தப் பாலோடுதான் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்.

எல்லாம் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டத்தால் வந்தது...

மதியச் சாப்பாடு முடிந்ததும் ரிக்கார்டு அறையில் நாலு பேர் உட்காருவோம். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. தோற்றவர்கள் பலா இலையைச் சுருட்டிக் காதில் தொங்கவிட வேண்டும். குணுக்கு என்று பேர். ஆபீஸ் விடும்வரை கழற்றக் கூடாது. நான் குணுக்கோடு டைப் அடிப்பதைப் பார்க்க அடுத்த செக்‌ஷனிலிருந்தெல்லாம் ஆள் வரும். சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஆடத் தெரியாமல் தோற்கவில்லை. உட்கார்ந்த இடத்தால் தோற்றேன்.

முதல் நாலு சீட்டு வந்ததும் எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் வைத்ததுதான் துருப்பு. முறை வலப்பக்கமாகச் சுற்றும்; ஆரம்பிக்கிறவர் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவார். என் வலது நாற்காலியில் ஹெட் கிளார்க். நாலில் மூன்று ஆட்டம், நான் வாய் திறந்த பிறகுதான் அவர் திறப்பார். நான் பதினாறு என்றால் என் கை இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு பதினேழு என்பார். நான் பாஸ் என்றால் மலிவாகப் பதினாலில் முடித்துக்கொள்வார். முதலில் பேசுகிறவளுக்கு அசல் சீட்டு வேண்டும். கேட்டுவிட்டுப் பேசுகிறவருக்கு அரைகுறையே போதும்!

இடம் மாறலாம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"கை நன்னா இருந்தா எங்க ஒக்காந்தா என்ன குட்டி?" என்றார்.

பத்தாம் நாள். முதல் நாலு சீட்டு... இரண்டு ஜாக்கி, இரண்டு ஒன்பது. இந்த ஆட்டத்தில் புள்ளி அதிகம் இவற்றுக்குத்தான். அலுங்காமல், எடுத்த எடுப்பில் இருபது என்றேன். என் ஜோடி நாணுப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. ஹெட் கிளார்க் பழக்கதோஷத்தில் இருபத்தொன்று என்றார். மற்ற இருவரும் பாஸ். இருபத்திரண்டு என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, பாஸ் என்றேன்.

மொத்தப் புள்ளி இருபத்தெட்டில் எட்டு எங்களுக்கு விழுந்தால் அவர் கவிழ்ந்தார். பதினொன்று எடுத்தோம்.

இலை வந்தது. அவர் கையை உதறினார். "இது ஆபீஸாக்கும். நான் ஹெட் கிளார்க்காக்கும்."

"ஒம்பது நாளு நான் போட்டப்பமும் இது ஆபீஸ்தான் சார்," என்று சொல்லி, நானே எழுந்து அவர் காதில் மாட்டினேன்.

மாசம் முடியும் முன்னே எனக்கு வித்துராவுக்கு டிரான்ஸ்பர். அன்றைக்கு மலையடிவாரம், பஸ்ஸே அபூர்வம். மன்னிப்புக் கேட்டால் நிறுத்தலாம் என்று ஹெட் கிளார்க் ஆள்விட்டார். எதற்கு மன்னிப்பு? டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது, தொண்ணூறு தாண்டிய வயதில், ஃபோனில் இருபத்தெட்டு ஆடுகிறேன். யாருக்கு எந்த இடம் என்று அதுவே கலைத்துப் போட்டுவிடுகிறது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நல்ல விஷயம்தான்... ஆனால் அதில் எதிராளிக்குக் காது இல்லையே!

வித்துரா ஆபீசிலும் மதியம் சீட்டு உண்டு. போன முதல் நாளே, கட்டைக் குலுக்கி மேஜை நடுவில் வைத்தேன். ஆளுக்கொன்று உருவச் சொன்னேன். பெரிய சீட்டு யாருக்கோ, நாற்காலியை முதலில் அவர் எடுக்கட்டும் என்றேன். அங்கேயும் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். அவரும் உருவினார்.