ஏழு யானைகள் குளித்த பக்கம்

மைதா மாவைக் கரைத்து அடுப்பில் கிளறி, கரப்பான் அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால், அந்தப் பசையிலிருந்து புளிப்பும் துவர்ப்புமாக ஒரு வாடை வரும். இன்றும் சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியிலிருந்து அந்த வாடை வந்தால் நான் நடையை எட்டிப் போட்டு விடுவேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. ஆனாலும் அந்த வாடைக்கு மட்டும் என் கால் ஓடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து நெய்வேலிக்கு வந்தோம். எண் போட்ட 'பிளாக்', எண் போட்ட தெரு, எண் போட்ட வீடு. எல்லா வீடும் ஒரே அச்சு என்பதால் வந்த புதிதில் பள்ளிவிட்டு வேறு யார் வீட்டுக்கோ போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்த பெருமை எனக்கு உண்டு. செம்மண், முந்திரி, சுரங்கத்திலிருந்து இறைத்துக்கொண்டே இருக்கும் தண்ணீர், 'ஷிப்ட்' சங்கு, இவைதாம் ஊர். மலை கிடையாது. தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் எங்கள் மலை. அதைப் பார்த்து வாயைப் பிளக்கும் பிள்ளைகளைப் பார்த்து, அடுத்த வீட்டு ராக்கம்மா அக்கா மட்டும் சிரிப்பாள். "இது மலையா? போங்கடி! எங்க ஊர்ல மேகம் வாசல்ல வந்து நிக்கும்" என்பாள்.

அவள் பிறந்தது இலங்கையில், கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவள் கணவர் அங்கே லாரி ஓட்டிவிட்டு, கல்யாணமான கையோடு அவளை அழைத்துக்கொண்டு இங்கே வந்து சுரங்கத்தில் மெக்கானிக் ஆனவர். அவள் தாய் அங்கேயே தங்கிவிட்டாள். கொழுந்து பறிக்கிற கை பிழைக்கிற இடத்தில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாளாம். நடுவில் இருந்தது ஒரு சின்னக் கடல்தான். ஆனால் அதைத் தாண்டக் காகிதம் வேண்டும், முத்திரை வேண்டும், யாரோ ஒரு துரையின் கையெழுத்து வேண்டும். ஐந்து வருஷமாகத் தாயும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் அவளுக்கு அந்தப் புத்தகம் உயிர். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களுக்காக அச்சடித்த படப்புத்தகம் அது. வழவழப்பான தாள், எல்லாப் பக்கத்திலும் வண்ணப்படம். ஆற்றில் குளிக்கும் யானைகள், புல்வெளியில் மயில்கள், ஒற்றையாய் நிமிர்ந்து நிற்கும் பாறைக் கோட்டை, புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடும் கோயில், விளக்குகளால் ஜோடித்த யானை ஊர்வலம், வெள்ளிக் கம்பியாய் விழும் அருவி. ராக்கம்மா அக்கா அதைத் தேயிலைத் தகரப்பெட்டியில், சேலைக்கு அடியில் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் தெருப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்து, "டிக்கெட் எடுத்தாச்சா? கப்பல் கெளம்புது!" என்று பக்கம் பக்கமாகத் திருப்புவாள். நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். ஆற்றுப் படத்தில் ஏழு யானைகள். ஏழாவது குட்டி, தும்பிக்கையைத் தூக்கித் தன் தலையிலேயே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். அந்தக் குட்டிமேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

கடைசியில், எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, அவள் மறுபடி யானைப் பக்கத்துக்கு வந்து, அதை மெல்லப் புரட்டுவாள். பின்பக்கத்தில் தேயிலைச் சரிவில் ஒரு பெண், முதுகில் கூடை, நெற்றியில் கூடைக்கயிறு, பாதிச் சிரிப்பு. "இதுதான் எங்க ஆத்தா." ஒருநாள் மோட்டாரில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் படம் பிடித்துக்கொண்டு போனாராம். பிறகு புத்தகம் அச்சாகி வந்ததும், கல்யாணமாகிக் கிளம்புகிற பெண்ணுக்கு அது போகட்டும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒன்றைக் கொடுத்தாராம். அவள் தாயை வேறு யாரும் படம் பிடித்ததில்லை. படத்துக்கு அடியில் இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை என் அப்பாவிடம் கேட்டாள். அப்பா படித்துப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கி, "மலைநாட்டுக் காட்சின்னு போட்டிருக்கும்மா" என்றார். "பேரு போடலயா?" "இல்லம்மா." "மீனாச்சின்னு போட்டிருக்கலாம்ல" என்று அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்பில் பூகோள டீச்சர், ஆளுக்கு ஒரு படத்தொகுப்பு நோட்டு தயாரிக்கச் சொன்னார். பாலைவனம் ஒருத்திக்கு, பனிமலை ஒருத்திக்கு, எனக்குத் தீவு. நல்ல நோட்டுகளைப் பெற்றோர் பார்க்க மேஜைமேல் வைப்பார்களாம். என்னுடன் படித்த இன்ஜினீயர் மகளின் வீட்டில் கட்டுக்கட்டாகப் பத்திரிகைகள் இருந்தன. என்னிடம் என்ன இருந்தது? நேராக ராக்கம்மா அக்காவிடம் போய், "பார்த்து வரைஞ்சிட்டுத் தந்துடறேங்கா" என்றேன். அவள் தகரப்பெட்டியைத் திறந்து கொடுத்தாள். 'இரவல் சாமானுக்கு ரெண்டு கண்ணு வேணும்' என்பது என் அம்மாவின் வழக்கமான சொல். எனக்கு அன்று ஒரு கண்கூட இல்லை.

விவரம் தெரியாத வயதில் தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய். தெரியும். பின்பக்கத்தில் யார் இருக்கிறாள் என்று நன்றாகத் தெரியும். நான்கு மூலையில் மட்டும் பசை தொட்டு வைத்து, மார்க் வாங்கியதும் எடுத்துத் திரும்பப் புத்தகத்தில் செருகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பிளேடால் தாளை அடியோடு நேராக நறுக்கினேன். வகுப்பில் டீச்சர் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்து, "தூக்கிக்கிட்டு நிக்குது பார், இப்படி ஒட்டினா மார்க் குறையும்" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் கிளறிய பசையை எடுத்து, அந்தத் தாயின் முகத்தில் என் கையாலேயே முழுக்கத் தடவினேன். நெற்றி, கூடைக்கயிறு, பாதிச் சிரிப்பு, எல்லாவற்றின்மேலும் தடவி, துணியால் அழுத்தி ஒட்டினேன். மறுநாள் ஏழு யானைகளுக்கு மேலே சிவப்பு மையில் 'மிக நன்று' கிடைத்தது.

பத்து நாள் அவள் புத்தகத்தைக் கேட்கவில்லை. பதினோராம் நாள் தபால் வந்தது. அன்று பள்ளி விடுமுறை. மதியம் எங்கள் புழக்கடை வாசலில் ராக்கம்மா அக்கா வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஈரச்சேலையைக்கூட மாற்றவில்லை. "ஆத்தா போயிருச்சாம். போயி இருபது நாளாச்சாம். காயிதம் இன்னைக்குத்தான் வருது" என்றாள். என் அம்மா ஐயோ என்று கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "புஸ்தகத்தக் குடு கண்ணு. எல்லாக் காரியமும் அங்கயே முடிச்சிட்டாகளாம். நான் படத்தையாச்சும் வச்சு ஒரு வெளக்கு ஏத்தணும்" என்றாள்.

புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் புத்தகத்தில் பக்கம் தேடினாள், திரும்பத் தேடினாள். பிறகு நோட்டைத் திறந்து யானைகளைப் பார்த்தாள். அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும், "அடி பாவி மகளே!" என்று முதுகில் வைத்த அறை இன்னும் சுரீரென்கிறது. நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, தண்ணீரில் நனைத்து, நகத்தால் கீறி உரிக்கப் பார்த்தேன். ஒரு மூலையில் தாள் கிழிந்து, வெள்ளைச் சுருணையாக உருண்டு வந்தது. அதில் கூடையின் விளிம்பு மட்டும், பாதி விரல் அளவுக்கு இருந்தது. ஈரக்கை ஒன்று என் கையைப் பிடித்தது. "விடு கண்ணு. விடு. இருக்குற யானையும் போயிரும்" என்றாள்.

திட்டியிருக்கலாம். ரெண்டு அறை அறைந்திருக்கலாம். அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவள் அந்த நோட்டையே வாங்கிப் போனாள். கூடத்துச் சுவரில் யானைப் பக்கத்தைத் திறந்து சாய்த்து வைத்து, 'மிக நன்று'க்குப் பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, பூ வைத்து, விளக்கேற்றினாள். படையலில் பால் விடாத தேயிலைச் சாயம் ஒரு டம்ளர். நான் நிலைப்படியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்நேரம் பார்த்துத் தயிர்க்காரி பச்சையம்மா வந்தாள். கம்மாபுரம் பக்கத்துக்காரி, அவளுடைய பழைய ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "என்னாங்க இது, ஆனைப் படத்த வச்சிகினு கும்புடுறீங்க? புள்ளையார் பூசையா?" என்று கேட்டாள்.

ராக்கம்மா அக்கா திரும்பாமலே சொன்னாள்: "ஆனைக்குப் பின்னால எங்க ஆத்தா இருக்காக."

பச்சையம்மா தயிர்க்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க ஆயாவப் பொதச்ச எடத்தையே தோண்டிகினு பூட்டாங்க. நான் எந்தப் பக்கம் பாத்துக் கும்புடுறது? உனுக்கு ஆனையாவது கீது, அழுவு தாயி" என்றாள். அப்போதுதான் அக்கா அழுதாள். இரண்டு பேரும் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி அழுதது மலைக்கு, இன்னொருத்தி அழுதது பள்ளத்துக்கு. எனக்கு அழ உரிமையில்லை என்று தோன்றியது. ஆனாலும் அழுதேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் கிளம்பவில்லை. அக்கா என்னோடு பேசாமலெல்லாம் இல்லை. தலை பின்னிவிடுவாள், பலாச்சுளை கொடுப்பாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சில வருஷத்தில் அவர்கள் புதுக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றியபோது அந்தத் தகரப்பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே என் நோட்டு இருந்தது. இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை.

போன வருஷம் என் மகன் ஆறுநாள் சுற்றுலாவில் என்னையும் பேரனையும் இலங்கைக்கு அழைத்துப் போனான். ஒவ்வோர் இடத்திலும் வழிகாட்டி வாயைத் திறக்குமுன் எனக்குத் தெரிந்தது: இது பாறைக் கோட்டை, மூன்றாம் பக்கம், இது அருவி, கடைசிக்கு முந்தின பக்கம். ஆற்றில் யானைகள் குளித்தன. பேரன் எண்ணச் சொன்னான், நான் எண்ணவில்லை. மலையேறும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, கூடை மாட்டி நிற்கும் பெண்களோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் இறங்கவில்லை. "என்னம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றான் மகன். தலைசுற்றல் என்றேன்.

நெய்வேலியில் நாங்கள் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். கூரைவரை கொடி ஏறிக் கிடப்பதாகச் சொன்னார்கள். மண்மேட்டில் மரம் வளர்ந்து உண்மையான குன்றுபோலவே ஆகிவிட்டதாம். பச்சையம்மாவின் ஊர் இருந்த இடம் எது என்று சொல்ல ஆளில்லை. ஏழு யானைகளும் எந்தெந்தப் பக்கம் பார்த்து நின்றன என்று கேளுங்கள், இப்போதே சொல்கிறேன்; குட்டியின் காதில் இருந்த கிழிசல்வரை ஞாபகம் இருக்கிறது. நூறு தடவையாவது பார்த்த மீனாச்சியின் முகம் மட்டும் எனக்கு வரவே இல்லை. கண்ணை மூடினால் நெற்றியில் கூடைக்கயிறு தெரிகிறது. அதற்குக் கீழே பசைதான் இருக்கிறது.