மாலை போடாத படம்

அந்தப் படத்தின் கண்ணாடியில், இடது மூலையில், ஒரு கீறல் இருக்கிறது. அது என்னால் வந்தது.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில், மாமியின் தையல் கடையில் எட்டு வருடம் வேலை செய்தேன். சொந்த மாமி இல்லை. அந்தத் தெருவுக்கே அவர் மாமி. ஒரு ஞாயிறு, பழைய சாமான் சந்தையில் அந்த ஜப்பான் அச்சுப்படத்தை வாங்கி வந்தார். வெள்ளை பூசிய முகம், நெற்றிக்கு மேல் ஊதாத் துணி, கழுத்தைச் சற்றே திருப்பி யாரையோ பார்க்கும் ஒரு பெண். தையல் மெஷினுக்கு நேரே, சரஸ்வதிக்குப் பக்கத்தில் மாட்டினார். வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். சீனத்து அம்மன் என்று நினைத்து ஒருவர் கும்பிட்டே விட்டார். பிளவுஸ் தைக்க வந்த தமிழ்நாட்டு மாணவி ஒருத்திக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. "இது பழைய நாடக நடிகரோட படம் ஆன்ட்டி. மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்சு, ரசிகர்களுக்கு விப்பாங்க. பொம்பளை வேஷம் போட்ட ஆம்பளை!"

மாமி ஊசியில் நூல் கோத்தபடி, "தாடையைப் பார்த்தாத் தெரியாதோ பிள்ளை?" என்றார்.

மாமியின் கணவர் கூத்தில் பெண் வேடம் கட்டியவர். ஊரில், போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவருடைய படம் ஒன்றுகூட மாமியிடம் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூளை வேலை செய்யவில்லை. ஆயுத பூசையன்று மாமி பழம் வாங்கப் போன நேரத்தில் மெஷின்களைத் துடைத்து, கத்தரிக்கோல்களுக்குச் சந்தனம் வைத்து, சாமிப் படங்களுக்கெல்லாம் மாலை போட்டேன். இதை மட்டும் விட்டால் குறையாக இருக்குமே என்று இதற்கும் ஒன்று போட்டேன்.

திரும்பி வந்த மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். வாழைப்பழச் சீப்பு கையிலிருந்து விழுந்தது. மெஷினுக்கு முன்னால் கிடந்த கதிரையில் ஏறி மாலையைப் பிடுங்கினார். அதன் கம்பிதான் கண்ணாடியைக் கீறியது. "உயிரோடை இருக்கிற மனுசன்ரை படத்துக்கு ஆரும் மாலை போடுவினமே?" என்று கத்தினார். பிறகு அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அடுத்த நாள் காலை, ஒன்றும் நடக்காதது போல எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

போன மாரியில் மாமி காலமானார். கடையில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். படம் ஆர்ஜொந்தெய் புறநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் மாமியின் படத்தை மாட்டி மாலை போட்டேன்.

"இவருக்கு மட்டும் ஏன் மாலை இல்லை?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

கண்ணாடியின் கீறலை விரலால் தடவினேன்.

"அவர் இன்னும் வரேல்லை," என்றேன்.